டஜனும் கொசுறும்

டஜன் என்ற சொல் எங்கிருந்தோ வந்தது. வந்த இடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டது. வாழைப்பழமா, டஜன். முட்டையா, டஜன். கைக்குட்டை, வளையல், பென்சில், எல்லாம் டஜன். கடையில் போய் "பன்னிரண்டு வாழைப்பழம் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். "உன்கிட்ட டஜன் தடவை சொல்லிட்டேன்" என்று சலித்துக்கொள்கிறவர்கள் எண்ணிப் பார்த்தால் மூன்று தடவைகூடத் தேறாது. அது சில நேரம் எண். சில நேரம் வெறும் பெருமூச்சு. ஆனாலும் டஜன் என்றால் பன்னிரண்டு என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கொசுறுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் நடந்ததைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

கொசுறு என்பது அவளுடைய பட்டப்பெயர். ஐந்து பிள்ளைகளோடு கடையை மூடிவிட்டதாக நினைத்திருந்த தாய்க்கு ஒன்பது வருஷம் கழித்து வந்து பிறந்தவள். "அஞ்சு வாங்கினேன், இது கொசுறு" என்று அப்பா எவரிடமோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஐம்பத்து மூன்று வயதாகியும் அவளை விட்டுப் போகவில்லை. வேலைக்கான அட்டையில் வேறு பெயர் இருந்தது. சம்பள நாளில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பத்தொன்பது வருஷம் அவள், பன் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிற ஓர் அடுப்பில் வேலை செய்தாள். சூடாக வருகிற பன்களை எண்ணிக் காகிதத்தில் சுற்றிக் கட்டுவது அவள் வேலை. அந்த அடுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. டஜன் என்றால் பதின்மூன்று. "பன்னண்டு கணக்குக்கு, ஒண்ணு நசுங்கினதுக்கு" என்பார் முதலாளி. கடைக்காரர்கள் ஒன்று நசுங்கிப் போச்சு என்று சண்டைக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். அவள் மும்மூன்றாக அள்ளுவாள். "மூணு, ஆறு, ஒம்பது, டஜன்" என்று வாய் சொல்லும். வாய் நின்ற பிறகு கை மட்டும் ஒன்றை எடுத்து மேலே வைக்கும். வாய்க்குத் தெரியாமல் கை செய்கிற தானம் அது. அந்தப் பதின்மூன்றாவது பன்னின் மேல் அவளுக்கு ஒரு தனிப் பிரியம் இருந்தது. தன் இனம் அல்லவா.

முதலாளியின் பிள்ளைகள் அடுப்பை விற்றுவிட்டுப் போனார்கள். புருஷனும் அதே வருஷம் போய்ச் சேர்ந்தான். அவளுடைய நாத்தனார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையில் இருந்தாள். அவள் யார் யார் காலையோ பிடித்து, அங்கே துணி மடிக்கிற அறையில் கொசுறுக்கு ஓர் இடம் வாங்கிக்கொடுத்தாள்.

அந்த அறை தரைத்தளத்தில், வார்டுக்குப் போகிற நடையை ஒட்டி இருந்தது. ஒரு பெரிய மேசை, ஒரு அலமாரி, சுவரோரம் நீராவிப் பெட்டி. காயத்துக்கு வைக்கிற காஸ் துணி சுருள் சுருளாக வரும். கண்ணறை கண்ணறையான வெள்ளைத் துணி. அதை வெட்டி, ஓரம் வெளியே தெரியாமல் எட்டாக மடித்து, டஜன் டஜனாக நூலால் கட்டி, நீராவியில் வேகவைத்து, தேதிச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைக்க வேண்டும். ஒரு சுருளுக்கு நூற்று ஐம்பத்தாறு மடிப்பு வரும். அதாவது பதின்மூன்று கட்டு. பெரும்பாலான கட்டுகள் வார்டுகளுக்குப் போகும். அங்கே யாரும் எண்ணுவதில்லை. சில கட்டுகள் மட்டும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்.

அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தது தியேட்டரின் பெரிய சிஸ்டர். குட்டையான, கண்டிப்பான அம்மாள். முதல் நாளே கொசுறின் கை பன்னிரண்டுக்கு மேல் ஒன்றை எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டார். புறங்கையில் பட்டென்று ஒரு அடி.

"என்னது இது?"

"பழக்கம் சிஸ்டர். டஜனுக்கு ஒண்ணு கொசுறு."

"இது பன் கடை இல்லம்மா. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நாங்க வயித்துக்குள்ள போடறோம். பன்னண்டு உள்ள போனா பன்னண்டு வெளிய வரணும். அப்பத்தான் தைப்போம். புரியுதா?"

புரிந்தது. ஒரு மாதம் புறங்கை சிவந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு பதின்மூன்றாவது துணியை அவள் கை தொடவேயில்லை. எட்டு வருஷம். தியேட்டரிலிருந்து ஒரு குறை வரவில்லை. "கொசுறு கட்டினதா? அப்ப எண்ண வேண்டாம்" என்று இளைய நர்சுகள் சொல்வது அவள் காதுக்கும் வந்தது. உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். மனுஷிக்கு அவ்வளவு பெருமைகூட இல்லாவிட்டால் எப்படி? ஆனால் அந்தப் பெருமைதான் குடியைக் கெடுத்தது.

ஒரு சனிக்கிழமை காலையில், அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், மகள் பெட்டியோடும் இடுப்பில் குழந்தையோடும் வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் வீக்கம். "இனிமே போக மாட்டேம்மா" என்றாள், அவ்வளவுதான். கொசுறு பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அன்று ஒரு சுருள் முழுவதும் மடித்துக் கட்டினாள். மனசு வீட்டில் இருந்தது. மருமகன் வந்து கதவை உடைக்கிறானோ, குழந்தை அழுகிறதோ என்றே ஓடிக்கொண்டிருந்தது. கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. அந்தக் கைக்கு இரண்டு பழக்கம் உண்டு. பத்தொன்பது வருஷப் பழக்கம் ஒன்று, எட்டு வருஷப் பழக்கம் ஒன்று. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத அந்த ஒரு நாளில் மூத்தது முந்திக்கொண்டது.

மறு திங்கட்கிழமை, சுவரில் ஓடு பதிக்கிற ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாரம் சரிந்து இரண்டாவது மாடியிலிருந்து விழுந்திருந்தார். வயிற்றுக்குள் ரத்தம். முதலில் எடுத்த கட்டுகளை முறைப்படி பிரித்து எண்ணிப் பலகையில் எழுதினார்கள். நடுவில் ரத்தம் பீறிட்டது. "இன்னொரு டஜன், சீக்கிரம்!" என்று சர்ஜன் கத்தினார். பெரிய சிஸ்டர் ஒரு கட்டின் நூலை அறுத்து நீட்டினார். பலகையில் பன்னிரண்டு கூட்டினார். எண்ணவில்லை. கொசுறு கட்டியதாயிற்றே. கடைசியில் வெளியே வந்ததை எண்ணினார்கள். பலகையும் துணியும் சரியாக இருந்தன. தைத்தார்கள்.

ஓடு பதிப்பவர் பிழைத்துக்கொண்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. விட்டது, மறுபடி வந்தது. அவருடைய மனைவி துணி அறைக்கு எதிரே நடையில் கிடந்த பெஞ்சில்தான் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பாள். சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. மதியம் கொசுறு அவளை உள்ளே கூப்பிட்டு மேசையோரம் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்வாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"ஒண்ணும் புடிபடலக்கா. உள்ள துணி கிணி ஏதாச்சும் தங்கிருச்சோன்னு பெரிய டாக்டரே கேட்டாராம். அதெல்லாம் கணக்கு சரியா இருக்குன்னு நோட்டைக் காட்டினாங்களாம். அப்புறம் மருந்தை மாத்திட்டாங்க."

"கணக்கு சரின்னா சரிதான். எங்க சிஸ்டர் அதுல புலி" என்றாள் கொசுறு. மனசறிந்துதான் சொன்னாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஸ்டோர்காரர் நோட்டோடு வந்தார். எப்போதும் வாயில் ஒரு கிண்டலை வைத்துக்கொண்டே நடக்கிற ஆள்.

"என்னக்கா, ஆஸ்பத்திரித் துணியில பேரப்பிள்ளைக்குச் சட்டை தைக்கிறீங்களா? அந்தச் சனிக்கிழமைச் சுருளுக்குப் பன்னண்டு கட்டுதான் எழுதியிருக்கீங்க. ஒரு கட்டு எங்க?"

"சுருள் குறைச்சலா வந்திருக்கும்."

"நான் அளந்துல்ல குடுத்தேன். மிச்சத் துணி இருந்துச்சா?"

இல்லை. மிச்சம் ஒரு துண்டுகூட இருக்கவில்லை. அவளுக்கு அது நினைவிருந்தது. ஸ்டோர்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் மட்டும் நின்றாள். நூற்று ஐம்பத்தாறு. பன்னிரண்டு கட்டு. மிச்சம் இல்லை. வாய்ப்பாடு தெரிந்தவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அவள் அலமாரியைத் திறந்தாள்.

அலமாரியின் பின்வரிசையில் அந்தத் தேதிச் சீட்டோடு ஒரே ஒரு கட்டு மிச்சமிருந்தது. நூலை அறுத்து மேசையில் பரப்பினாள். மும்மூன்றாக எண்ணினாள். மூணு, ஆறு, ஒம்பது, டஜன். ஒன்று தனியாகக் கிடந்தது.

பதின்மூன்றையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு பெரிய சிஸ்டரிடம் ஓடினாள். சிஸ்டர் தியேட்டர் நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பிரித்த கட்டின் சீட்டை அதில் ஒட்டியிருப்பார்கள். ஓடு பதிப்பவரின் பக்கத்தில், கடைசியாக ஒட்டிய சீட்டில், அந்தச் சனிக்கிழமைத் தேதி இருந்தது.

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷத்தில் ஓய்வு. ஒரு கறை இல்லாத வேலை.

"பலகையில பன்னண்டுன்னு எழுதினது நான்" என்றார் கடைசியில். "நீ போ. யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. நேரம் பார்த்து டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

"இன்னைக்கே சொல்லிடுவீங்களா சிஸ்டர்?"

"சொல்றேன்னு சொன்னேன்ல."

செவ்வாய்க்கிழமை போயிற்று. புதன்கிழமை காலையில் கேட்டபோது, "காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கு. அதுவாவே சரியாயிடும்போல. பார்ப்போம்" என்றார் சிஸ்டர், முகத்தைப் பார்க்காமல். இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: அதைக் கேட்டதும் கொசுறுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டில் இரண்டு உயிர் அவள் சம்பளத்தை நம்பி வந்து உட்கார்ந்திருந்தன. வேலை போனால் மகள் அந்த அடிக்கிறவனிடமே திரும்பிப் போக வேண்டும். யாரோ ஒருவருக்குக் காய்ச்சல் இறங்கினால் எல்லோருக்கும் நல்லதுதானே என்று நினைத்தாள். அன்று மதியமும் அந்தப் பெண் மேசையோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். முகம் தெளிந்திருந்தது. கொசுறு தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். 

வியாழக்கிழமை காலையில் பெஞ்சு காலியாக இருந்தது. இரவோடு காய்ச்சல் ஏறி, நினைவு தப்பி, அவரைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். கொசுறு சிஸ்டரைத் தேடவில்லை. அலமாரியில் எடுத்து வைத்திருந்த அந்தப் பதின்மூன்று துணியையும் முந்தானையில் முடிந்துகொண்டு நேராகச் சர்ஜனின் அறைக்குப் போனாள். எட்டு வருஷத்தில் அந்தக் கதவை அவள் தட்டியதே இல்லை. முந்தானையை அவிழ்த்து மேசையில் கொட்டினாள்.

"ஒரு டஜன், டாக்டர். எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். எழுந்து ஓடினார்.

அன்று மதியமே வயிற்றைத் திறந்தார்கள். இருந்தது. ஆனால் அந்தப் பதின்மூன்றாவது துணியைச் சுற்றி எல்லாம் அழுகிப்போயிருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. சனிக்கிழமை மதியம் ஓடு பதிப்பவர் இறந்துபோனார். நடையில் சர்ஜன் யாரிடமோ, "ரெண்டு நாள் முன்னாடி திறந்திருந்தா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். மேசையில் துணியை மடித்துக்கொண்டிருந்த கொசுறுக்கு அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

உடலை எடுத்துப் போகிற வண்டி வந்தபோது அந்தப் பெண் துணி அறைக்குள் வந்தாள். கண் வற்றிப்போயிருந்தது. கொசுறின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மத்தவங்களா இருந்தா மூடி மறைச்சிருப்பாங்க அக்கா. உங்க மேல தப்பு வரும்னு தெரிஞ்சும் ஓடிப் போய்ச் சொன்னீங்கன்னு டாக்டர் சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணும்."

செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். கொசுறால் அந்தக் கைகளை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.  வண்டி கிளம்பிப் போயிற்று.

மூன்று வாரம் கழித்து விசாரணை வைத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் பெரிய சிஸ்டர் துணி அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். ஒரேயடியாக மூப்படைந்து தெரிந்தார்.

"எல்லாம் எழுதியாச்சு கொசுறு. வியாழக்கிழமை காலையிலதான் உனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்ச உடனே சொல்லிட்டே. அப்படித்தான் இருக்கு. நேர்மையா வந்து சொன்னதால உன்னை வேலையை விட்டு எடுக்க மாட்டாங்க, எச்சரிச்சு விட்டுடுவாங்க. எனக்கும் பென்ஷன் தப்பும். நீ கையெழுத்து மட்டும் போட்டுட்டு வா."

"செவ்வாய்க்கிழமை தெரியும் சிஸ்டர்."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன? அந்த ரெண்டு நாளைச் சொல்றதால அவர் எழுந்து வரப்போறாரா?"

வீட்டில் மகளிடம் சொன்னாள். மகள் குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தாள். "போட்டுடும்மா" என்றாள் பிறகு. "எனக்காகப் போடு." கன்னத்து வீக்கம் வடிந்து, கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு மட்டும் மிச்சமிருந்தது. கொசுறு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, போடுகிறேன் என்றுதான் சொன்னாள்.

விசாரணை மாடியில், ஒரு நீளமான அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைமை டாக்டர். சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் சர்ஜன், பெரிய சிஸ்டர். ஓரத்தில் அந்தப் பெண், கையில் ஒரு துணிப்பையோடு. இறந்தவரின் மனைவி கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள்.

மூவரில் இளையவர், "டஜன்னா எத்தனைன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று ஆரம்பித்தார். கிண்டலா, கேள்வியா என்று அவருக்கே தெரியாத குரல்.

"பன்னண்டுங்க."

பன் அடுப்பைப் பற்றி அவள் சொல்லவில்லை. மகள் வந்து நின்ற காலையைப் பற்றியும் சொல்லவில்லை. அதெல்லாம் இறந்தவர் வீட்டுக்கு எதற்கு?

எழுத்தர் காகிதத்தை வாசித்தார். சுருள், தேதி, கட்டு, சீட்டு, எல்லாம் வந்தது. கடைசியில், "தமது தவறு தெரிய வந்த உடனேயே, தாமாக முன்வந்து தெரிவித்தார்" என்று முடித்தார். தலைமை டாக்டர் தலையை ஆட்டினார். காகிதமும் பேனாவும் மேசையின் இந்தப் பக்கம் நகர்ந்து வந்தன. சிஸ்டர் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொசுறு பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். ஓரத்து நாற்காலியில் அந்தப் பெண் அவளுக்குத் தைரியம் சொல்வதைப் போல மெல்லத் தலையசைத்தாள்.

அந்தத் தலையசைப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"உடனே இல்லீங்க" என்றாள்.

"என்ன?"

"உடனேன்னு போட்டிருக்கு. உடனே இல்ல. ரெண்டு நாள் தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். வேலை போயிடும்னு பயந்து இருந்தேன்."

தலைமை டாக்டர் முன்னால் குனிந்தார். சர்ஜன் கண்ணை மூடிக்கொண்டார். எழுத்தர் எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார். சிஸ்டரிடமிருந்து ஒரு மூச்சு மட்டும் வந்தது.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். துணிப்பை கீழே விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

"எந்த ரெண்டு நாள்?"

"செவ்வாய். புதன்."

அவள் உதடு அசைந்தது. விரல்களை மடக்கி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை அவரு தலை சீவிவிடச் சொன்னாரு" என்றாள். "புதன்கிழமை காய்ச்சல் இல்ல. வீட்டுக்குப் போனதும் முத வேலையா நம்ம குளியலறைக்கு ஓடு ஒட்டிடறேன்னு சொன்னாரு. ஊருக்கெல்லாம் ஒட்டி, நம்ம வீட்டுல வெறும் சிமெண்டாவே கெடக்குன்னு சொல்லிச் சிரிச்சாரு."

அந்தப் பெண் கொசுறின் பக்கம் திரும்பினாள்.

"அதைச் சொல்லலாம்னுதான் அன்னைக்கு மத்தியானம் உங்ககிட்ட வந்தேன். உங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டேனே. நீங்கதான தண்ணி பிடிச்சுக் குடுத்தீங்க?"

"ஆமாம்மா" என்றாள் கொசுறு. "நான்தான்."